தாளில் ஏறாதது

பாறைமங்கலம் கோர்ட்டில் சாட்சி சொன்னவர்களுக்குச் சொன்ன விஷயம் மறந்துபோகும் என்பது ஊரறிந்த சங்கதி. பஸ் ஸ்டாண்டுக் குழாயில் தண்ணீர் வராது என்பதைப் போல அதையும் யாரும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அந்தக் கோர்ட்டில் ஊரார் சாட்சியத்தையெல்லாம் வருஷக்கணக்காக டைப் அடித்துவந்த ஜெபமணிக்கு, தன் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்ததைத் தானே கூண்டேறிச் சொல்ல வேண்டும் என்று சம்மன் வந்தது. அன்றிலிருந்து அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள், வாசலில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அடுப்புக்கு ஓடினாள், பஸ்ஸில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள், அவள் விரல்கள் மட்டும் கம்பியிலும் ஜன்னலிலும் தன் தொடையிலுமாகத் தட்டிக்கொண்டே இருந்தன. சொன்னால் அந்த மனுஷன் அவளுக்கே மறந்துபோவார். சொல்லாவிட்டால் கொன்றவன் தப்பிப்போவான். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த மறதி தொடங்கியது குருவம்மாள் என்கிறவளின் வைக்கோல் படப்பு எரிந்த வழக்கில். கோர்ட் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சாட்சி பேசுகிறது அப்படியே தாளில் ஏறாது. சாட்சி தன் பாட்டுக்குப் பேசும், அழும், சாமியைக் கூப்பிடும், சம்பந்தமில்லாத சித்தப்பாவை இழுக்கும். நடுவர் அதையெல்லாம் கேட்டு, சல்லடையில் மாவு சலிக்கிற மாதிரி சலித்து, வழக்குக்கு வேண்டியதை மட்டும் வாய்விட்டுச் சொல்லுவார். அவர் சொல்வதைத்தான் டைப்பிஸ்ட் அடிக்க வேண்டும். நடுவர் அம்பலவாணனுக்கு எப்போதும் அவசரம், எப்போதும் வாயுத் தொல்லை, அதனால் அவருடைய சல்லடையின் ஓட்டை மிகச் சிறியது. குருவம்மாள், தன் கொழுந்தன் படப்புக்குத் தீ வைத்ததைச் சொல்ல வந்தவள், அந்த வெக்கையில் கன்றுக்குட்டி ஓடிவந்து தன் உள்ளங்கையை நக்கியதை மூன்றாம் தடவையாகச் சொல்லத் தொடங்கியதும் அவர் கையை உயர்த்தினார்.

“கன்னுக்குட்டி வேண்டாம்மா. தீ வச்சது யாரு, அதைச் சொல்லு.”

சொன்னாள். அடிக்கப்பட்டது, வாசித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டாள். ஜெபமணி தாளை ரோலரிலிருந்து கர்ரென்று உருவினாள். குருவம்மாள் திருதிருவென்று சுற்றிலும் பார்த்துவிட்டு, எதிர்க்கூண்டில் நின்ற கொழுந்தனைக் காட்டி, “யாரு பெத்த பிள்ளையோ, இம்புட்டு நேரமா நிக்க வச்சிருக்கீகளே, ஒரு வாய் தண்ணி குடுக்கப்படாதா?” என்று கேட்டாள். தீயும் போயிருந்தது, பகையும் போயிருந்தது, கொழுந்தன் என்ற உறவே வேரோடு போயிருந்தது. உள்ளங்கையை மட்டும் அடிக்கடி முந்தானையில் துடைத்துக்கொண்டு, “ஒரு கன்னுக்குட்டி நக்கிருச்சு” என்று சிரித்தபடி வீட்டுக்குப் போனாள்.

அடுத்த சாட்சிக்கும் அப்படியே ஆயிற்று, அதற்கடுத்த சாட்சிக்கும். நடுவர் வெயிலின்மேல் பழியைப் போட்டார், அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சோகையின்மேல் போட்டார். மெஷினில்தான் ஏதோ இருக்கிறது என்று வேறு மெஷினைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள், கையால் எழுதியும் பார்த்தார்கள். எதில் பதிந்தாலும் தாளை எடுத்தவுடன் போயிற்று. அதோடு காரணம் தேடுவதை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் காரணத்தைவிடப் பெரிய தலைவலி ஒன்று காத்திருந்தது. முதல் பக்கத்தை உருவியதுமே முதல் பக்கத்துச் சங்கதி போய்விடுகிறது, பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் யாரை என்ன கேட்பது?

நடுவர் ஒருநாள் முழுக்க யோசித்து ஓர் உத்தரவு போட்டார். அன்றிலிருந்து கோர்ட் டவாலிச் சேவகர் சங்கிலி காலையில் வந்ததும் முதல் வேலையாக மைதாப் பசை காய்ச்சினார், தாள்களை ஒன்றின் வாலில் இன்னொன்றின் தலையை ஒட்டி வேட்டி நீளத்துக்கு நீட்டினார், அந்த நீள்தாளை ஜெபமணி ரோலரில் ஏற்றி, விசாரணையும் குறுக்கு விசாரணையும் முடிந்து வாசித்துக் காட்டுகிறவரை கீழே இறக்காமல் அடித்துக்கொண்டே போனாள். தாள் மெஷினின் முதுகுக்குப் பின்னால் வழிந்து மேசையைத் தாண்டித் தரையில் இறங்கும், பசை வாசனைக்குக் கரப்பான்பூச்சிகள் வரும், சங்கிலி விளக்குமாறோடு நிற்பார். வாய்தா வாங்குவது நின்றுபோனதில் வக்கீல்களுக்கு மட்டும் வருத்தம். மேலிடத்துக்கு எழுதலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, “எழுதினா விசாரணைன்னு ஒருத்தர் வருவார், வந்தா நம்மகிட்ட சாட்சியம் எடுப்பார், எடுத்தா நமக்கு மறந்துபோகும், எதுக்குய்யா வெட்டி வேலை” என்று நடுவர் சொல்லிவிட்டார்.

ஊர் இன்னும் வேகமாகப் பழகிக்கொண்டது. நெஞ்சில் முள்ளோடு அலைந்தவர்களெல்லாம் வழக்குப் போடத் தொடங்கினார்கள். நிச்சயம் பண்ணிய பெண் வேறொருவனோடு போய்விட்ட சோகத்தில் தாடி வளர்த்திருந்த ஒருவன், அவள் வாங்கிப்போன குடையைத் திருப்பித் தரவில்லை என்று புகார் கொடுத்து, கூண்டில் நின்று அவளைப் பற்றி வேண்டியமட்டும் பேசி, இறங்கி நேராக முடிதிருத்தும் கடைக்குப் போனான். பந்தியில் மாமனாரிடம் அறை வாங்கியவர் வந்தார், அறைந்த மாமனாரும் பின்னாலேயே வந்தார். இறங்கி வருகிறவர்களுக்கு எதிர்க்கடை டீ மாஸ்டர் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தார். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்காமலே ஒரு கட்டுப்பாடும் வந்துவிட்டது: கோர்ட்டில் இறக்கி வைத்ததை எந்தச் சொந்தக்காரனும் திரும்ப எடுத்துத் தலையில் ஏற்றக் கூடாது. குருவம்மாளிடம் அந்தக் கொழுந்தனைப் பற்றி இன்றுவரை ஒருவரும் மூச்சு விட்டதில்லை.

ஜெபமணி ஒருத்திதான் இன்னொன்றையும் கவனித்தாள், ஏனென்றால் சாட்சி சொன்னதையும் நடுவர் தள்ளியதையும் பக்கத்தில் இருந்து முழுசாகக் கேட்டவள் அவள்தான். தாளில் ஏறியது போகும். வாய்விட்டுச் சொல்லாமல் மனதில் வைத்திருந்ததும் அதோடு வேரோடு போகும். ஆனால் சாட்சி வாய்விட்டுச் சொல்லி, நடுவர் ‘வேண்டாம்’ என்று தள்ளியது எதுவோ, அது மட்டும் போகாமல் நிற்கும். தாடிக்காரனுக்கு அந்தப் பெண்ணின் பெயர் போய்விட்டது, குடை போய்விட்டது, யாரோ ஒருத்தி இருமலுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்வாள் என்பது மட்டும் இருந்தது.

இதை அவள் முதலில் சொன்னது புருஷன் ஞானதுரையிடம். ஞானதுரை மிக்சி, மின்விசிறி, தையல் மெஷின் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பழுதுபார்க்கிறவர், கோர்ட் டைப்ரைட்டருக்கு எண்ணெய் போட்டு ரிப்பன் மாற்றுவதும் அவர்தான். எழுத்துக் கட்டைகளைப் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர், கேட்டுவிட்டுக் கடகடவென்று சிரித்தார்.

“அப்ப கோர்ட்டு குப்பைன்னு தள்ளுறதுதான் மனுஷன் கையில நிக்குதுன்னு சொல்லு!”

அந்தச் சிரிப்பு சிரித்த மனுஷன்தான், அடுத்த கோடையில் ஒரு காலைநேரம், ஜெபமணியை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்துக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிற வழியில், குவாரி வளைவில் எதிர்ப்பக்கமாக ஏறிவந்த ஜல்லி லாரியின் கீழே போனார். அவள் ஓரத்து மணலில் போய் விழுந்தாள், மடியில் இருந்த ரிப்பன் டப்பா ரோட்டில் உருண்டது. லாரி நின்றது. ஓட்டியவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கீழே கிடக்கிறவரை எட்டிப் பார்த்தான், பிறகு அவளையும் பார்த்தான், பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். அவன், குவாரி முதலாளி செந்தட்டிக்காளையின் மகன் இசக்கிராஜன். வேறு யாரும் பார்க்கவில்லை. லாரியை யாரோ திருடி ஓட்டியிருக்கிறார்கள், தன் மகன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று முதலாளி சொன்னார்.

தன்னிடம் வேலை பார்க்கிறவளே சாட்சி என்பதால் வழக்கை வேறு ஊருக்கு மாற்றுங்கள் என்று நடுவர் மேலே எழுதிப் போட்டார். பதில் வரவில்லை, விசாரணைத் தேதிதான் வந்தது. அதற்கு முன்னாலேயே எதிர்த்தரப்பு வக்கீல் திரவியம் வந்துவிட்டார். கோர்ட் வராந்தாவில் தூணோரமாக நின்று, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மிகவும் பிரியமாகப் பேசினார்.

“ஜெபமணியம்மா, நான் எதிர்க்கட்சி வக்கீலாப் பேசல. ஞானதுரை எனக்கும் வேண்டியவர்தான். உங்களுக்குத் தெரியாததா? கூண்டுல ஏறி ‘என் கணவர்’னு நீங்க ஆரம்பிச்ச உடனே அந்த மனுஷன் உங்க மனசுல இருந்து வேரோட போயிருவார். அந்தப் பையன் உள்ள போனா ரெண்டு வருஷத்துல வெளிய வந்துருவான். உங்க ஆளு திரும்பி வருவாரா? ஒருத்தரை ரெண்டு தடவை சாகக் குடுப்பீங்களா?”

பொய் சொல்லிப் பயமுறுத்தினால் காறித் துப்பிவிடலாம். உண்மையைச் சொல்லிப் பயமுறுத்துகிறவனை என்ன செய்வது? அவள் உள்ளே போய், அடிக்க ஒன்றும் இல்லாத மெஷினின் முன்னால் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். சொல்லவே போவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள். அந்த வாரக் கடைசியில் குவாரி வளைவில் அவள் போன பஸ்ஸை ஒரு ஜல்லி லாரி உரசுகிறாற்போல முந்திக்கொண்டு போயிற்று. சைக்கிளில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிதறி ஓரத்து மணலில் குதித்தார்கள். ஓட்டியது ஜாமீனில் வந்திருந்த இசக்கிராஜன்தான். ஜன்னலோரம் நின்ற ஜெபமணியை அடையாளம் கண்டுகொண்டு, ஹாரனை இரண்டு தடவை, ஏதோ தெரிந்தவர்களுக்கு அடிக்கிற மாதிரி, அடித்துவிட்டுப் போனான். சொல்லியே தீருவது என்று பஸ்ஸிலேயே முடிவு மாறியது.

ஆனால் சும்மா சொல்லப்போவதில்லை. தள்ளப்படுவது நிற்கும் என்றால், தள்ளப்பட வேண்டியதையெல்லாம் சொல்ல வேண்டும். எதைச் சொல்லாமல் விடுகிறாளோ அது போனது போனதுதான். அப்புறம்தான் அவளுடைய தவிப்பு உச்சத்துக்குப் போனது. ஒரு மனுஷனோடு இத்தனை காலம் குடித்தனம் பண்ணியதில் எதை எடுப்பது, எதை விடுவது? குளிக்கையில் ஒன்று நினைவுக்கு வரும், துணி உலர்த்துவதற்குள் நழுவும், அதைத் தேடிக்கொண்டே கோர்ட்டுக்கு வந்து அடுத்தவன் சாட்சியத்தில் தப்பாக அடிப்பாள். மெஷினைத் துடைத்துக்கொண்டே அதனிடம் வாய்விட்டுச் சொல்லிப் பழகினாள். விஷயம் கசிந்ததும் ஊர் உதவிக்கு வந்துவிட்டது. டீ மாஸ்டர், “எங்க கடை கிரைண்டரைப் பிரிச்சுப் போட்டுட்டு அண்ணாச்சி என்ன சொன்னாக தெரியுமா” என்று வந்தார். குருவம்மாள், எல்லாரும் எதற்கு வருகிறார்கள் என்று புரியாமலே, ஞானதுரை தன் தையல் மெஷினைப் பழுதுபார்த்த சங்கதியைச் சொல்ல வந்தாள். ஜெபமணி எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். “உங்ககிட்ட இருக்கிறது உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும். என்கிட்ட இருக்கிறதைத்தான் நான் சொல்ல முடியும்” என்றாள்.

தேதி வந்தது. கோர்ட்டில் கால் வைக்க இடமில்லை. மாடியில் இருக்கிற சிவில் கோர்ட்டின் டைப்பிஸ்ட் கனகவேலை அவளுடைய நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அவருக்கு நீள்தாள் பழக்கமில்லை என்று ஜெபமணியே ரோலரில் ஏற்றிக் கொடுத்தாள், ஓரம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள், பிறகு கூண்டில் ஏறினாள். தன் சாட்சியத்துக்குத் தானே தாள் ஏற்றியவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

“உங்க கணவர் பேர் என்ன?” என்றார் அரசு வக்கீல்.

அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. ‘இங்கேருங்க’ என்பதுதான் அவள் கூப்பிடுகிற கூப்பாடு. ஒரு நிமிஷம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டு, “ஞானதுரை” என்றாள். கட்டைகள் தாளில் விழுகிற ஓசை அவளுக்கு ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்போலக் கேட்டது. பேர் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

“சம்பவத்தன்னிக்குக் காலையில என்ன நடந்தது?”

“அவுகளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டது இல்லைய்யா. இங்கேருங்கன்னுதான் கூப்பிடுவேன். முதல் தடவைக்குக் காது கேக்காத மாதிரி இருப்பாக. ரெண்டாம் தடவையும் நான் கூப்பிடணும்னு அவுகளுக்கு ஆசை.”

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நடுவர் வழக்கம்போலக் கையை உயர்த்தப் போனார். அதற்குள் திரவியம் எழுந்துவிட்டார்.

“ஐயா, ஒரு விண்ணப்பம். இந்தச் சாட்சி சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகணும். ஒண்ணுகூட விடக் கூடாது. என் கட்சிக்காரரோட வாழ்க்கைப் பிரச்சினை இது.”

கோர்ட் முழுக்கப் புரிந்துகொண்டது. எதையெல்லாம் காப்பாற்றலாம் என்று பொறுக்கிப் பொறுக்கி எடுத்துவந்தாளோ, அத்தனையும் தாளில் ஏறி அவளைத் துடைத்துப் போட்டுவிடும். வாயை மூடிக்கொண்டு இறங்கிவிட வேண்டியதுதான். இறங்க வைப்பதற்குத்தான் அந்த ஆள் எழுந்து நிற்கிறான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. கூண்டின் கட்டையை அவள் விரல்கள் தட்டத் தொடங்கின. கனகவேல் கட்டைகளின்மேல் கையை வைத்தபடி நடுவரைப் பார்த்தார். எல்லாருமே நடுவரைத்தான் பார்த்தார்கள்.

அம்பலவாணன் ஒரு சீரக மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

“திரவியம் சார், இந்தக் கோர்ட்ல எத்தனை பேரு அழுததை நான் வேண்டாம்னு தள்ளியிருக்கேன். ஒரு நாளாவது எந்திரிச்சு, அதையும் எழுதுங்கன்னு கேட்டிருக்கீங்களா?”

“இந்த வழக்கைப் பொறுத்தவரைக்கும்...”

“கூப்பிட்டா காது கேக்காத மாதிரி இருப்பார்ங்கிறதுக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம்? சொல்லுங்க.”

திரவியம் கேஸ் கட்டைப் புரட்டத் தொடங்கினார்.

“எது சம்பந்தம், எது சம்பந்தமில்லைன்னு சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம். உட்காருங்க.” பிறகு கூண்டின் பக்கம் திரும்பி, அந்தக் கோர்ட்டில் யாரும் அவரிடம் கேட்டிராத ஒரு குரலில், மெதுவாகச் சொன்னார்: “அது வேண்டாம்மா.”

கனகவேலின் கை இறங்கவில்லை. மெஷின் சும்மா இருந்தது. அந்தச் சும்மா இருக்கிற ஓசையை ஜெபமணி காது கொடுத்துக் கேட்டாள், கேட்டதும் மடமடவென்று சொல்லத் தொடங்கினாள்.

ஒவ்வொரு திருகாணியையும் வாடா ராசா, வந்துரு ராசா என்று கெஞ்சித்தான் கழற்றுவார் என்றாள், நடுவர் அது வேண்டாம்மா என்றார். கோபம் வந்தால் பேசமாட்டார், ஓடிக்கொண்டிருக்கிற மின்விசிறியை நிறுத்திப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார், வேர்க்க வேர்க்கச் சமாதானம் ஆக வேண்டியிருக்கும் என்றாள், அதுவும் வேண்டாம்மா என்றார். மீன் துண்டில் பெரியதை எடுத்து இதில் முள் ஜாஸ்தி என்று பொய் சொல்லித் தன் தட்டில் தள்ளுவார் என்றாள், வேண்டாம்மா. ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனை மெட்டில் மிக்சி வாஷர் கிடைக்காத துயரத்தைப் பாடுவார், சுதி சேராது, வேண்டாம்மா. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் மண்ணெண்ணெய்க் கறுப்புப் போகாது, அந்தக் கையால்தான் தனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி ஊட்டினார், வேண்டாம்மா. வீட்டுச் சாவியை எங்கே வைத்தாலும் தொலைத்துவிடுவார், அதனால் இருக்கிற ஒரு சாவியும் தன்னிடம்தான் இருக்கும், சாயங்காலம் தான் போகிறவரை வாசற்படியில் உட்கார்ந்து தெருநாயோடு பேசிக்கொண்டிருப்பார், அதுவும் வேண்டாம்மா. சாப்பாட்டு நேரம் தாண்டியது. அவசரத்துக்குப் பேர்போன அந்த மனுஷன் கடிகாரத்தையே பார்க்கவில்லை. அவள் நிறுத்தி, மேலே பார்த்து, எதையோ தேடித் தவித்துக் கைகளைப் பிசைந்தபோதெல்லாம், “இன்னும் இருக்காம்மா?” என்று கேட்டார். “இருக்குய்யா” என்று அவள் மறுபடி தொடங்கினாள். குற்றவாளிக் கூண்டில் இசக்கிராஜன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

கடைசியில், இதற்குமேல் தேடினால் தேடிக்கொண்டேதான் இருப்போம் என்று அவளுக்கே தெரிந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “லாரியைச் சொல்லுதேன் ஐயா” என்றாள்.

சொன்னாள். நடுவர் ஒரு சொல் தவறாமல் திருப்பிச் சொன்னார், கனகவேல் அடித்தார், வரியின் முடிவில் மணி அடிக்க அடிக்கத் தாள் மெஷினின் முதுகில் வழிந்து இறங்கியது. எட்டிப் பார்த்த முகம் இதோ நிற்கிற இந்த முகம்தான் என்று கையை நீட்டிக் காட்டினாள். திரவியம் குறுக்கு விசாரணையில் அவளுடைய கண்பார்வை, வெயில், மயக்கம், குவாரிமேல் பழைய பகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ‘என்று சொன்னால் சரியல்ல’, ‘என்று சொன்னால் சரியல்ல’ என்று, ஆயிரம் சாட்சிகளுக்கு அவள் அடித்த அதே மறுப்பு வரி இப்போது அவளுக்காக விழுந்துகொண்டே இருந்தது. சங்கிலி தரையில் கிடந்த தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, வாசித்துக் காட்டினார்கள். சரியென்று ஒப்புக்கொண்டாள்.

கனகவேலுக்குத் தாளை உருவக் கை வரவில்லை. “உருவுய்யா” என்றார் நடுவர், எங்கோ பார்த்தபடி.

கனகவேலின் கை தாளைப் பிடித்த அந்த நொடியில்தான் ஜெபமணிக்கு அது உறைத்தது. பாட்டைச் சொன்னாள், நகத்தைச் சொன்னாள், சாவியைச் சொன்னாள். முகத்தைச் சொல்லவில்லை. தினமும் பார்த்த முகம், சொல்ல வேண்டும் என்றே தோன்றாத முகம். “ஐயா, அவுக முகம்...” என்று வாயைத் திறந்தாள்.

கர்ரென்று தாள் வந்துவிட்டது.

ஜெபமணி திறந்த வாயை மூடிக்கொண்டாள். கூண்டில் ஏன் நிற்கிறோம் என்று தெரியாமல் ஒரு கணம் கூச்சப்பட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்கி, நேராகத் தன் இடத்துக்குப் போனாள்.

“கனகவேல் சார், என் சீட்டுல என்ன பண்ணுதீக? எந்திரிங்க. அடுத்த கேஸைக் கூப்பிடப் போறாக.”

அதற்குப் பிறகு ஊர் தன் கட்டுப்பாட்டின்படி நடந்துகொண்டது. அவள் கதவைத் திறந்ததுமே பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டு உள்ளே போய், சுவரில் இருந்த ஞானதுரை படத்தின் பிளாஸ்டிக் மாலையைக் கழற்றிவிட்டாள். ஜெபமணி அந்தப் படத்தைப் பார்த்து, முந்திக் குடியிருந்தவர்கள் விட்டுப்போனது போல என்று எடுத்துப் பரணில் வைத்தாள். மீன்காரி அவள் கேட்காமலே இரண்டு பேருக்கு உண்டானதை எடைபோட்டுக் கொடுத்தாள். அவள் சிரித்தாள், நன்றாகச் சாப்பிட்டாள், உடம்பும் கொஞ்சம் தேறியது. ஆனால் அந்தப் பரபரப்பு மட்டும் போகவில்லை. சாவு தாளோடு போய்விட்டதல்லவா, அவளைப் பொறுத்தவரை ஒருவர் செத்துப்போகவில்லை, வெளியே போயிருக்கிறார், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் தீர்ப்பு வந்தது. நடுவர் சொல்லச் சொல்ல ஜெபமணிதான் அடித்தாள். வேறு ஆளைக் கூப்பிடலாமா என்று சங்கிலி கேட்டதற்கு, எதற்கு என்று அவளே கேட்டால் என்ன சொல்வது என்று நடுவர் மறுத்துவிட்டார். ஞானதுரை என்பவர் மீது வாகனத்தை மோதி மரணம் விளைவித்தது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டதால் என்று அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார், அவள் விரல்கள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடின. இசக்கிராஜனை அழைத்துப் போனார்கள். கோர்ட்டில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஜெபமணி மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டே சங்கிலியிடம் குனிந்து சொன்னாள்:

“பாவம்ணே. அந்த மனுஷன் பொண்டாட்டி எப்படித் தாங்குனாளோ.”

சங்கிலி பசைச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “தாங்குதாகம்மா” என்றார்.

“மணி என்ன? ஐயோ, நேரமாச்சே. வாசல்ல உக்காந்திருப்பாக, சாவி என்கிட்டல்ல இருக்கு.”

“பாத்துப் போங்கம்மா. ரோடு வழுக்கும்.”

அவள் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள். பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டமும் நடையுமாகப் போனாள், எதிரே வருகிற ஆண்களின் முகத்தைப் பார்க்காமல், ஒவ்வொருவருடைய கைநகத்தையும் பார்த்துக்கொண்டே போனாள்.